ரெகுலேட்டர் திரும்பத் திரும்பப் போவது ஏன்? கோத்தகிரிச் சாலையில் ஓடும் ஒரு வண்டிக்கான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய்வரும் 200 சி.சி. இன்ஜெக்ஷன் பைக் (கார்புரேட்டர் இல்லாதது); ஓராண்டுக்குள் இரண்டு ரெகுலேட்டர்கள் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீர்படுத்தும் பெட்டி) போய்விட்டன; மூன்றாவதைப் பொருத்திய பிறகும், ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருகிப் பார்த்தால் பேட்டரி முனைகளில் 13.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. ஒரு மெக்கானிக் மலைக் குளிரைக் காரணம் சொல்கிறார், இன்னொருவர் ஃபாக் லேம்ப் இரண்டையும் கழற்றச் சொல்கிறார், மூன்றாமவர் பெரிய ரெகுலேட்டராகப் போடச் சொல்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ரெகுலேட்டர் தானாகக் கெடுகிறதா, வண்டியில் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறதா என்று கேட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். நான் அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். மூவருக்கும் உரிய பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு மின்பகுதியைக் கற்பித்தவன். பிறகு குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்தி வருகிறேன். மலை ஏறி இறங்கும் வண்டிகளே பெரும்பாலும் என்னிடம் வருகின்றன. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதிலும் ஒரே ஓர் அளவுதான் இருக்கிறது. ஆகவே, எது உறுதி, எது என் ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். எந்த இடத்தில் மீட்டர் வைத்தால் ஊகம் உறுதியாகும் என்பதையும் சொல்கிறேன்.

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் காந்தங்கள் பதித்த மேக்னெட் சுற்றுகிறது. அதன் உள்ளே அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. உங்கள் வண்டியின் அளவில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் காயில்தான் இருக்கும். அதிலிருந்து மூன்று ஒயர்கள், பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள் நிறத்தில், வெளியே வரும். காந்தத்தின் வலிமையை நம்மால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. காரின் ஆல்டர்னேட்டரில் சுழலும் பகுதிக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது; மின்சாரம் போதும் என்றால் அந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைத்து உற்பத்தியையே குறைத்துவிடலாம். பெரும்பாலான பைக்குகளில் அந்த வசதி கிடையாது. எஞ்சின் சுற்றும் வரை காயில் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். சுற்று வேகம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை) கழற்றிவிட்டு, எதனோடும் இணைக்காமல் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இரண்டு மஞ்சள் ஒயர்களுக்கு நடுவே அளந்தால், பல மூன்று ஃபேஸ் வண்டிகளில் 50 முதல் 70 வோல்ட் ஏ.சி. காட்டும். 12 வோல்ட் பேட்டரியோடு அதை அப்படியே இணைக்க முடியாது என்பது தெளிவு.

இடையில் நிற்கும் பெட்டிதான் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர். பெயரைப் போலவே அதற்கு இரண்டு வேலைகள். முதல் வேலை, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுவது. மூன்று ஃபேஸுக்கு ஆறு டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை) இதைச் செய்கின்றன. காயிலிலிருந்து பேட்டரிக்குப் போய்த் திரும்பும் மின்னோட்டம் எந்த நொடியிலும் இரண்டு டயோடுகளைக் கடந்தாக வேண்டும், ஒவ்வொன்றும் 0.7 முதல் 1 வோல்ட் வரை விழுங்கிவிடும். 15 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறிய அலுமினியப் பெட்டிக்குள் 20 முதல் 30 வாட் வெறும் வெப்பமாக மாறுகிறது. ரெகுலேட்டர் சுடுகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அது சுடத்தான் செய்யும். உடம்பில் துடுப்புகள் வைத்து வார்த்திருப்பதே அதற்காகத்தான்.

இரண்டாவது வேலை மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது. குழப்பம் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது. பைக்குகளில் மிகப் பரவலாக இருப்பது ஷண்ட் வகை. பேட்டரிப் பக்கம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டைத் தாண்டியதும், உள்ளே இருக்கும் தைரிஸ்டர்கள் (மின்னோட்டத்துக்கு வழிவிடும் மின்னணுச் சுவிட்சுகள்) திறந்து, காயிலின் ஒயர்களை எர்த்தோடு சேர்த்துவிடுகின்றன. அதாவது, காயிலையே ஷார்ட் செய்துவிடுகின்றன. ஒருமுறை திறந்த தைரிஸ்டர், அதன் வழியே ஓடும் மின்னோட்டம் பூச்சியத்துக்கு வரும் வரை மூடாது. மின்னழுத்தம் இறங்கியதும் அடுத்த சுற்றில் மீண்டும் பேட்டரிக்கு வழி கிடைக்கும். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு வேகத்தைப் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துகிற ஓட்டுநரைப் போன்ற ஏற்பாடு இது. கரடுமுரடானதுதான், ஆனால் விலை குறைவு, பல்லாண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

ஷார்ட் செய்தால் காயில் எரிந்துபோகாதா என்ற ஐயம் நியாயமானது. வேகம் கூடும்போது காயிலில் பிறக்கும் மின்னழுத்தமும் கூடுகிறது. அதே அளவில் அதிர்வெண்ணும் கூடுவதால், காயிலின் தூண்டல் (மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் அதன் இயல்பு) காட்டும் எதிர்ப்பும் சேர்ந்தே கூடுகிறது. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதால், ஒரு வேகத்துக்கு மேல் ஷார்ட் மின்னோட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடும். அந்த அளவைத் தாங்கும்படிதான் கம்பியின் தடிமனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காயில் எப்போதும் தன் முழு மின்னோட்டத்தைச் சுமந்துகொண்டே இருக்கிறது. நீங்கள் விளக்குகளைப் போட்டாலும் அணைத்தாலும் அதற்குப் பெரிய வேறுபாடு இல்லை. விளக்கு எரிந்தால் மின்னோட்டம் விளக்கு வழியே போகிறது, அணைந்தால் தைரிஸ்டர் வழியே எர்த்துக்குப் போகிறது. இரண்டு நிலையிலும் ரெகுலேட்டருக்குள் எழும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆகவே, ஃபாக் லேம்பின் சுமை தாங்காமல் ரெகுலேட்டர் எரிந்தது என்பது ஷண்ட் வகையில் செல்லாது. அந்த மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை உண்டு, அது பேட்டரியைப் பற்றியது, பின்னால் வருகிறேன். அதேபோல, பெரிய ரெகுலேட்டர் போட்டால் அதிக மின்சாரம் வரும் என்பதும் தவறு. உற்பத்தியின் எல்லையை வகுப்பவை காந்தமும் காயிலும் மட்டுமே. 35 அல்லது 50 ஆம்பியர் என்று முத்திரை குத்திய பெட்டி அவ்வளவு தாங்கும் என்றுதான் பொருள். காயில் 15 ஆம்பியர்தான் தரும் என்றால் 15தான் வரும். தாங்கும் திறன் கூடுதலாக இருப்பதால் பெட்டி கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் உங்கள் 13.2 வோல்ட் அதனால் ஒரு புள்ளிகூட ஏறாது.

உண்மையிலேயே வேறுபட்ட ரெகுலேட்டர்கள் இரண்டு உண்டு. ஒன்று, தைரிஸ்டருக்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்ற வேறொரு மின்னணுச் சுவிட்சை வைத்த ஷண்ட் வகை. கடத்தும்போது மாஸ்ஃபெட் விழுங்கும் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால் பெட்டி குளிர்ச்சியாக இருக்கும். காயிலின் மின்னோட்டம் மாறாது. மற்றொன்று சீரீஸ் வகை. மின்சாரம் போதும் என்றால் காயிலை ஷார்ட் செய்யாமல் பாதையையே துண்டித்துவிடும். அதனால் காயில் குளிர்கிறது. ஷிண்டென்ஜென் நிறுவனத்தின் எஃப்.எச்.020 முதல் வகைக்கும், எஸ்.எச்.847 இரண்டாம் வகைக்கும் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். காயில் எரிவதே வழக்கமாகிவிட்ட பெரிய வண்டிகளுக்குச் சீரீஸ் வகை நல்ல மாற்று. ஆனால் உங்களுக்குப் போவது காயில் அல்ல, ரெகுலேட்டர். மேலும், எஞ்சின் ஓடுகிறதா என்பதைச் சில வண்டிகள் காயிலிலிருந்தே உணர்ந்து முகப்பு விளக்கை எரியவிடுகின்றன. அவற்றில் வேறு வகைப் பெட்டியைப் பொருத்தினால் புதுத் தொல்லை முளைக்கும். பழுதைக் கண்டுபிடிக்கும் முன்பே வகையை மாற்றாதீர்கள். சந்தையில் அதே எண்ணைப் பொறித்து வரும் போலிகளும் நிறைய. விலை சந்தேகம் தரும் அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி மலைக்கு வருவோம். குளிர்தான் காரணம் என்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. டயோடு, தைரிஸ்டர் போன்றவற்றுக்கு எதிரி வெப்பம். குளிர் அவற்றுக்கு நல்லது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. துடுப்புகளிலிருந்து வெப்பத்தை எடுத்துச்செல்வது அந்த அளவு குறையும் என்பது சரிதான். ஆனால் மேட்டுப்பாளையத்தைவிட அங்கே ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ச்சியும் இருக்கிறது. இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால் குளிரே வெல்கிறது. உயரம் ரெகுலேட்டரைக் கெடுக்காது.

கெடுப்பது ஏற்றம். மேட்டுப்பாளையத்தை விட்டுக் குஞ்சப்பனை நோக்கி ஏறத் தொடங்கினால், முன்னே ஒரு லாரியோ பேருந்தோ அகப்பட்டுக்கொண்டால், இரண்டாம் கியரிலும் வளைவுகளில் முதல் கியரிலுமாக 4,000, 5,000 சுற்றில் எஞ்சின் முனகிக்கொண்டிருக்கும். வண்டியின் வேகமோ 20 கிலோமீட்டர். காயில் முழு மின்னோட்டம் தருகிறது, பெட்டி தன் முழு வெப்பத்தையும் எழுப்புகிறது, எஞ்சினின் சூடும் மேலே வருகிறது, எல்லாவற்றையும் தணிக்க வேண்டிய எதிர்க்காற்று இல்லை. அதே வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு ஐந்தாம் கியரில் போகும்போது இதே சுற்றுக்கு நான்கு மடங்கு காற்றுக் கிடைக்கும். சமவெளியில் பல ஆண்டு உழைக்கும் ஒரு நடுத்தரப் பெட்டி இங்கே விரைவில் களைத்துப்போவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. ஆடி மாத மழையில் நனைகிறதே என்று ரெகுலேட்டரைச் சுற்றி பிளாஸ்டிக் உறை கட்டிவைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். அது பிசின் ஊற்றி அடைத்த பெட்டி. மழை அதைத் தொடாது, உறை அதை வேகவைத்துவிடும். சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதால் உள்ளே சால்டர் விட்டுப்போகிறது என்றும் சிலர் சொல்வார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் பிசினை உடைத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியைப் பற்றியும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற மலைச்சாலை விதியைப் பின்பற்றினால் எஞ்சின் 3,000 சுற்றுக்கு மேல் இருக்கும், சார்ஜிங் நன்றாக நடக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு உருட்டினால் எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும். அந்தச் சுற்றில் காயில் தருவது அதன் முழுத் திறனில் பாதிகூட இருக்காது. அதே வேளையில் முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, எரிபொருள் பம்ப், வளைவுக்கு வளைவு ஹாரன், மூட்டம் இருந்தால் ஃபாக் லேம்ப் என்று செலவு மட்டும் குறைவதில்லை. பற்றாக்குறையைப் பேட்டரி கொடுக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்றாகிவிட்டதால், பகலிலும் இந்தச் செலவு உண்டு. இவ்வளவும் செய்து பெட்ரோலாவது மிச்சமாகிறதா என்றால், இன்ஜெக்ஷன் வண்டியில் அதுவும் இல்லை: கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்டால், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி (இ.சி.யு.) பெட்ரோலை அறவே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறது. பிரேக் சூடேறி மங்கும் ஆபத்து வேறு. நீங்கள் எப்படி இறங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. நியூட்ரலில் இறங்குபவராக இருந்தால் பேட்டரி டவுன் ஆவதற்கு அதுவே போதும்.

குளிர் எதைப் பாதிக்கிறது என்றால், பேட்டரியை. 0 டிகிரிக்கு அருகில் ஈய-அமிலப் பேட்டரியின் கொள்திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சின் ஆயில் தடித்திருப்பதால் செல்ஃப் மோட்டாருக்கும் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுகிறது. இதைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒன்று உண்டு: குளிர்ந்த பேட்டரியை முழுதாக நிரப்பக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் 0.02 முதல் 0.03 வோல்ட் கணக்கு. 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் 0.4 முதல் 0.6 வோல்ட். பைக் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை இதைக் கவனிப்பதில்லை, ஒரே அளவில் நிற்கும். 14.4 வந்துகொண்டிருந்தால் இது ஒரு குறையாகத் தெரியாது. உங்களைப் போல 13.2 மட்டுமே வரும் வண்டியில், மார்கழிக் காலையில், பேட்டரிக்குப் போய்ச் சேர்வது மிகவும் சொற்பம். பாதி நிரம்பிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு நல்ல சார்ஜ் கொடுத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

அந்த 13.2 வோல்ட்டுக்கு வருகிறேன். மூன்றாவது பெட்டி புதியது. அதுவும் அதே அளவைக் காட்டுகிறது என்றால், பழுது பெட்டிக்கு வெளியே இருக்க அதிக வாய்ப்பு உண்டு. எஞ்சினை 4,000, 5,000 சுற்றில் வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் ஒயரிலும் மற்றதைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் பாதை நல்லது. பிறகு ரெகுலேட்டரின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே இதே சோதனை. பலரும் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பல பெட்டிகள் தம் சொந்த முனைகளில்தான் மின்னழுத்தத்தை அளக்கின்றன. எர்த் பாதையில் அரை வோல்ட் தொலைந்தால், பெட்டி தன் கணக்கில் 14.4 கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும், பேட்டரிக்கு 13.9தான் போகும். இரண்டு பக்கமும் சேர்ந்து 1.2 வோல்ட் தொலைந்தால், உங்கள் 13.2க்குக் கணக்குச் சரியாகிவிடுகிறது. 8 ஆம்பியர் ஓடும் பாதையில் 1.2 வோல்ட் தொலைவது என்றால் ஏறத்தாழ 10 வாட் வெப்பம் ஏதோ ஓர் இடத்தில் இறங்குகிறது என்று பொருள். அந்த இடம் அநேகமாக ஒரு கப்ளர். பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

தெரிவது எப்படி என்றால், வெள்ளையாக இருக்க வேண்டிய நைலான் ஒரு குழியைச் சுற்றி மட்டும் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். மூன்று மஞ்சள் ஒயர்களில் ஒன்றின் முனை மட்டும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு இழுத்தால் வராது. முனையைக் கழற்றிவிட்டு ஒயரின் உறையைச் சீவினால், உள்ளே செம்பு கறுத்திருக்கும். ஒரு விரற்கடை, சில நேரம் இரண்டு விரற்கடை உள்ளே போன பிறகுதான் பளிச்சென்ற செம்பு வரும். அதுவரை வெட்டி எறிய வேண்டும். கறுத்த செம்பில் சால்டர் பிடிக்காது, அழுத்தி மாட்டிய முனையும் நிற்காது. 15 ஆம்பியர் ஓடும் முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தால் 22 வாட்டுக்கு மேல் வெப்பம். அந்த வெப்பத்தில் முனையின் இழுவிசை போய், தடை இன்னும் கூடி, மேலும் சூடாகும். ஆண்டில் பாதி நாள் மூட்டத்துக்குள் நிற்கும் நம் ஊர் வண்டிகளில் இந்தச் சுழல் விரைவாகத் தொடங்குகிறது. வெப்பத்துக்கு முன்பே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். பழுது பார்ப்பவர் அவசரத்தில் கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்புவதும் நடக்கிறது. டேப்புக்குள் புகும் ஈரம் வெளியே போகாது. புதிய முனைகளை உரிய கிரிம்பிங் குறடால் அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, கப்ளருக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) பூசினால் பல ஆண்டுகள் தொட வேண்டியதில்லை.

இது பேட்டரிக்குச் சார்ஜ் வராததை விளக்குகிறது. ரெகுலேட்டர் சாவதையும் விளக்குமா என்றால், பெரும்பாலும் விளக்கும். பேட்டரி மின்சாரத்தைச் சேமிப்பதோடு, காயிலிலிருந்து வரும் மேடுபள்ளங்களை விழுங்கி மின்னழுத்தத்தைச் சமன்செய்யவும் செய்கிறது. பெட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓரிடம் விட்டு விட்டுத் தொடர்பு கொடுத்தால், தொடர்பு அறுபடும் ஒவ்வொரு நொடியிலும் தைரிஸ்டர் விழித்துக்கொள்வதற்குள் மின்னழுத்தம் தாவும். அந்தத் தாவலில் டயோடோ தைரிஸ்டரோ ஒரு நாள் உடையும். ஆகவே தளர்ந்த பேட்டரி முனை, எரிந்த ஃபியூஸ் பிடிப்பான், துருப்பிடித்த எர்த் போல்ட் ஆகியவை சார்ஜிங்கைக் குறைப்பதோடு ரெகுலேட்டரையும் கொல்லக்கூடியவை. இதே காரணத்தால்தான், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிச் சார்ஜிங் பார்க்கும் பழைய வழக்கத்தை நான் யாரையும் செய்யவிடுவதில்லை. டைனமோ காலத்து வண்டியில் அது தப்பித்திருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் ரெகுலேட்டரோடு கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

பாதை இரண்டும் நன்றாக இருந்து, ரெகுலேட்டர் முனையிலேயே 13.2தான் இருக்கிறது என்றால் காயிலைப் பார்க்க வேண்டும். கப்ளரைக் கழற்றி, காயில் பக்கத்து மூன்று முனைகளை இரண்டிரண்டாக மூன்று முறை ஏ.சி. மின்னழுத்தம் அளந்தால், மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் சரியாகக் காட்டி மற்ற இரண்டும் விழுந்திருந்தால் அந்த இரண்டுக்கும் பொதுவான ஒயர் அறுந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே தடை பார்த்தால் தொடர்பே இருக்கக் கூடாது. காயிலின் தடையை ஓமில் அளந்து தீர்ப்புச் சொல்பவர்களை அவ்வளவாக நம்பாதீர்கள். அது ஒரு ஓமுக்கும் குறைவு, சாதாரண மீட்டரின் ஒயர் தடையே அதோடு போட்டி போடும். இந்தச் சோதனைகளைக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் செய்வதைவிட, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்த கையோடு செய்யுங்கள். வார்னிஷ் பூச்சு தளர்ந்த காயில் குளிரில் நல்லபிள்ளையாக இருந்து, சூட்டில்தான் தன் குணத்தைக் காட்டும். புதிய ரெகுலேட்டரில் ஒரு டயோடு பிறவியிலேயே பழுது என்பதும் நடக்கக்கூடியதே. மீட்டரின் டயோடு சோதனை அதைப் பிடித்துவிடும். ஆனால் தைரிஸ்டர் பகுதியை அந்தச் சோதனை முழுதாகக் காட்டாது என்பதால், சோதனையில் தேறியது என்பதை மட்டும் வைத்துப் பெட்டியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. எதிர்த்திசையில், 15 வோல்ட்டுக்கு மேல் எப்போதாவது காட்டினால் பேட்டரி வீங்கும், அழுகிய முட்டை வாடை வரும். அந்த வண்டியை அப்படியே ஓட்டக் கூடாது.

ஃபாக் லேம்புகளைக் கழற்ற வேண்டுமா? இரண்டும் சேர்ந்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால் 3 ஆம்பியர் அளவு இழுக்கும். கியரில் ஓடும்போது பெரும்பாலான 200 சி.சி. வண்டிகளின் காயில் அதைத் தாங்கும், ஐட்லிங்கில் தாங்காது. ஜூலை மூட்டத்தில் அரவேணுப் பக்கம் அவை இல்லாமல் ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சாவி ஒயரைச் சீவி அங்கே முறுக்கியிருந்தால் அதை மாற்றி, பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸோடும் ரிலேயோடும் எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். வண்டியில் ஜி.பி.எஸ். கருவியோ அலாரமோ இருந்தால், சாவியை எடுத்த பிறகு அது இழுக்கும் மின்னோட்டத்தையும் ஒருமுறை அளக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. சிறிய பைக் பேட்டரியை ஒரு வாரம், பத்து நாளில் அது காலி செய்துவிடும்.

இவ்வளவும் பார்த்து முடிக்கும் வரை வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டில் ஒரு சிறிய தானியங்கிச் சார்ஜரில் இரவு முழுதும் பேட்டரியை நிரப்பிவிட்டு, ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுத்து, காலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக் கிளம்புங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது; அதைக் கப்ளரையும் எர்த்தையும் சரிசெய்த பிறகு மாற்றுங்கள், முன்னே மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் கிளம்பாதீர்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் பேட்டரியே இல்லாவிட்டாலும் பல நேரம் அது நடந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் எரிபொருள் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் விழித்துக்கொள்ளப் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும். மீட்டர் பலகையில் விளக்கே எரியாத வண்டியைக் குஞ்சப்பனை வரை உருட்டினாலும் அது ஸ்டார்ட் ஆகாது.